மிக்சரும் பச்சரிசியும்: வாசகர் கடிதம்

அன்புள்ள அக்கா,

எனக்கு வயது 34. ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருப்பதால் எடையைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். எட்டு மாதமாகப் பேலியோ, அதாவது அரிசி, கோதுமை, பருப்பு, சர்க்கரை எல்லாம் ஒதுக்கிய சாப்பாடு. காலையில் பட்டர் டீ, மதியம் முட்டையும் காய்கறியும், ராத்திரி சிக்கன் அல்லது பன்னீர். ஒன்பது கிலோ குறைந்திருக்கிறேன். மூன்று வாரம் எந்தத் தொந்தரவும் இல்லை. பீரியட்ஸுக்கு நாலைந்து நாள் முன்பிருந்து என் கை என் பேச்சைக் கேட்பதில்லை. நாலு மணிக்கு ஆபீசில் மிக்சர், வீட்டுக்கு வந்தால் பிள்ளைகளுக்கு வாங்கி வைத்த பன், ராத்திரி பரோட்டா சால்னா. இட்லிக்கு அரிசி ஊறப்போடும்போது ஒரு பிடி எடுத்து மென்றுகொண்டே இருக்கிறேன். இந்த அரிசிப் பழக்கம் இப்போது மற்ற நாட்களிலும் வருகிறது. மறுநாள் எடை பார்த்தால் ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கும். வாயைக் கட்ட முடியாதா என்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்யட்டும்?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

நான் டாக்டர் இல்லை, சாப்பாட்டைப் பற்றிப் படிப்பவள், எழுதுபவள். அந்த அளவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

மிக்சரையும் அரிசியையும் ஒரே பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு சங்கதி. அரிசியை முதலில் பார்த்துவிடலாம். பச்சை அரிசி, சாக்பீஸ், திருநீறு, ஃபிரிட்ஜ் ஐஸ் என்று வாய் தேடுவது பசியால் இல்லை. இரும்புச்சத்து குறைந்தவர்களிடம் அடிக்கடி தென்படும் அறிகுறி அது. நம் வீடுகளில், அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை பெய்யும் என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. தினமும் முட்டையும் கோழியும் சாப்பிடும் நமக்கு எங்கே வரப்போகிறது என்று நினைக்காதீர்கள். பன்னீரில் இரும்பு மிகவும் குறைவு. முட்டையில் இருப்பதை உடம்பு முழுசாக எடுத்துக்கொள்வதில்லை. சாப்பாட்டோடு குடிக்கும் டீ இரும்பு உடம்பில் சேர்வதைக் குறைக்கும். இந்த வாரமே ரத்தம் கொடுத்து ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் பாருங்கள். ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருந்தும் உள்ளே கையிருப்பு காலியாக இருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின்தான். குறைவாக இருந்தால் மாத்திரையை டாக்டர் சொல்வார். ஆட்டுச் சுவரொட்டியை நீங்களே வாங்கி வதக்கிக்கொள்ளலாம், பேலியோவுக்கும் பொருத்தம்.

இனி மிக்சர். கருமுட்டை வெளியான பிறகு புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறுகிறது. உடம்புச் சூடு லேசாகக் கூடுகிறது, இன்சுலின் கொஞ்சம் மந்தமாக வேலை செய்கிறது. மாதவிலக்குக்கு முந்தைய சில நாட்களில் புரோஜெஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன் இரண்டும் சரிகின்றன, கூடவே மனசும் சரிகிறது. அந்த நேரத்தில் மாவுச்சத்து சாப்பிட்டால் மூளையில் மனநிலையோடு தொடர்புள்ள செரோடோனின் என்ற ரசாயனம் கூடி மனசு லேசாகும் என்று ஒரு விளக்கம் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, அதை மட்டும் நம்பி நான் பன் சாப்பிட மாட்டேன்.

ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், அந்த நாட்களில் பெண்கள் கூடுதலாகச் சாப்பிடுவது சராசரியாக ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு நூறு கலோரி. மூன்று இட்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு கேட்டது மூன்று இட்லி என்றால், பன்னும் பரோட்டாவும் சால்னாவும் கேட்டது யார்? மூன்று வாரமாக வேண்டாம் வேண்டாம் என்று ஒதுக்கிய ஏக்கம்தான். இதில் ஊர் வழக்கத்துக்கும் பங்கு இருக்கிறது. அமெரிக்காவில் ஆல்பனி பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், மாதவிலக்கை ஒட்டிச் சாக்லேட்டுக்கு ஏங்குவதாகச் சொன்னவர்கள் அந்த நாட்டிலேயே பிறந்தவர்களிடம் அதிகம், வெளிநாட்டில் பிறந்து வந்தவர்களிடம் கணிசமாகக் குறைவு. ஹார்மோன் எல்லோருக்கும் ஒன்றுதானே? மெக்னீசியம் குறைவதால்தான் சாக்லேட் கேட்கிறது என்று சுற்றிவரும் செய்தியையும் நம்ப வேண்டாம். அது உண்மையானால் பரங்கி விதைக்கும் கீரைக்கும் அல்லவா நாக்கு ஊற வேண்டும்.

ஆகவே அந்த ஐந்து நாளுக்கு வேறு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாள் அளவை அப்போதும் பிடித்துக்கொண்டு நின்றால் நாலு மணிக்குத் தோற்பது நிச்சயம். பட்டர் டீயைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்த நாட்களில் காலையிலேயே இரண்டு முட்டையாவது உள்ளே போகட்டும். பிறகு மூன்றரை மணிக்கே, மிக்சர் டப்பா திறக்கும் முன், டிபன் பாக்ஸில் கொண்டுபோனதைச் சாப்பிட்டுவிடுங்கள். வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு 100 கிராம், ஏறக்குறைய 20 கிராம் மாவுச்சத்து. கூட ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை. அல்லது கடுகும் வரமிளகாயும் தாளித்து, தேங்காய்ப்பூ கொஞ்சம் தாராளமாகத் தூவி, ஒரு சின்னக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். கண்டிப்பான பேலியோக்காரர்கள் சுண்டலைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். இனிப்புதான் வேண்டும் என்றால் 85 சதவீத டார்க் சாக்லேட் இரண்டு துண்டு. கீட்டோ பிஸ்கட் என்று விற்பதை மட்டும் அந்த வாரம் தொடாதீர்கள். அவற்றில் பலவற்றில் சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் மால்டிடால், ஏற்கெனவே உப்பியிருக்கும் வயிற்றை இன்னும் உப்ப வைக்கும்.

உங்கள் நாக்கு கேட்பது பெரும்பாலும் காரமும் உப்பும் என்பதைக் கவனித்தீர்களா? மாவுச்சத்தைக் குறைத்தால் சிறுநீரகம் உப்பைக் கூடுதலாக வெளியேற்றும். ரத்த அழுத்தம் இல்லையென்றால் உப்புப் போட்ட நீர்மோர், டம்ளரில் ரசம், ஆட்டுக்கால் சூப் என்று வைத்துப் பாருங்கள். எனக்கு ரசம் பல நாள் கைகொடுத்திருக்கிறது.

கால்சியத்துக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 1998இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் தினம் 1,200 மில்லிகிராம் கால்சியம் எடுத்தவர்களுக்கு, மூன்றாவது சுழற்சிக்குள் மாதவிலக்குக்கு முந்தைய தொல்லைகள் 48 சதவீதம் குறைந்தன. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்குக் குறைந்தது 30 சதவீதம். தின்பண்ட ஏக்கமும் அந்தத் தொல்லைகளில் ஒன்று. மாத்திரைக்குப் போகும் முன் தயிர், முள்ளோடு நெத்திலி, கறுப்பு எள்ளுப்பொடி மூன்றையும் மாதம் முழுக்கச் சேருங்கள்.

ஒன்றரைக் கிலோவைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஒரே ராத்திரியில் அவ்வளவு கொழுப்பு சேராது, பெரும்பகுதி தண்ணீர். சாப்பிட்ட மாவுச்சத்தை உடம்பு கிளைகோஜனாகச் சேமிக்கும், அதில் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும், மாதவிலக்கை ஒட்டி உடம்பில் தங்கும் நீர் வேறு. அந்த வாரம் எடை மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, பீரியட்ஸ் முடிந்து பாருங்கள். அப்புறம், நாலைந்து நாள் முன்பிருந்து என்று உங்களால் கணக்குச் சொல்ல முடிகிறதே, மாதவிலக்கு அடிக்கடி தள்ளிப்போகும் பிசிஓடி உள்ளவருக்கு அதுவே நல்ல சேதி.

ஏக்கத்தோடு நிற்காமல் அழுகை, ஆத்திரம், எதிலும் பிடிப்பில்லாமல் போவது என்று மாதாமாதம் வேலையைக் கெடுக்கிறதென்றால் அது சாப்பாட்டு விஷயம் இல்லை; அதற்கு மருந்து இருக்கிறது, டாக்டரிடம் சொல்லுங்கள். சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மேலே சொன்னதைக் கேட்டுக்கொண்டு அளவை மாற்ற வேண்டாம்.

வீட்டுக்காரர் விஷயம். மாதத்தில் மூன்று வாரம் வாயைக் கட்டியிருப்பவரிடம் வாயைக் கட்டு என்பது நியாயமில்லை. அவரும் கொஞ்சம் உதவலாம். அந்த வாரம் பரோட்டா பார்சல் வேண்டாம், சாப்பிட வேண்டுமென்றால் கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரட்டும். ஃபெரிட்டின் ரிசல்ட் வந்ததும் எழுதுங்கள்.