பத்துப் பேர் பணம், ஒருவர் கையில் சீட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

டாலஸில் பதினைந்து ஆண்டுகளாக இருக்கிறேன். மென்பொருள் வேலை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஒரு நண்பர் வீட்டு கராஜில் போக்கர் ஆடுவோம். தலைக்கு இருபது டாலர், வீட்டுக்குத் தெரிந்துதான். எங்களில் நன்றாக ஆடுபவரை இந்தக் கோடையில் லாஸ் வேகஸுக்கு அனுப்பி, வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டியான மெயின் ஈவென்டில் உட்கார வைக்கலாம் என்று ஒரு யோசனை. நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். பத்துப் பேர், ஆளுக்கு ஆயிரம். ஏதாவது வந்தால் சமபங்கு. ஊரில் இருக்கும் அப்பா இதைக் கேள்விப்பட்டு, "தருமர் கதை தெரியும்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். நீங்கள் போக்கர் தொடர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருவதாக எழுதியிருந்தீர்கள். இது அசட்டுத்தனமா? இந்த ஆண்டு எதைக் கவனிக்க வேண்டும்?

கார்த்திகேயன்
டாலஸ்

அன்புள்ள கார்த்திகேயன்,

உங்கள் அப்பா சரியான கதையைத்தான் எடுத்திருக்கிறார். தருமர் ஆடினார் என்பதைவிட, தம்பிகளையும் பாஞ்சாலியையும் ஒரு வார்த்தை கேட்காமல் பணயம் வைத்தார் என்பதுதான் அந்தச் சபையில் கேள்வியானது. அடுத்தவர் சொத்தை வைத்து ஆட இவருக்கு என்ன உரிமை என்றுதான் அவள் கேட்கிறாள். உங்கள் குழுவில் பத்துப் பேரும் தெரிந்தே பணம் தருகிறீர்கள். அதனால் அசட்டுத்தனம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாருக்கு எவ்வளவு, எதில் பங்கு, எதில் இல்லை என்பதை எழுதி வைக்காமல் நண்பரை விமானம் ஏற்றினால், அப்பா சொன்னதை நானும் சொல்வேன்.

இந்தத் தொடரின் வரலாற்றைக் கொஞ்சம் உரசிப் பார்த்தாலே, சீட்டுக்குப் பின்னால் யார் பணம் என்ற கேள்விதான் வந்து நிற்கும். 1970இல் பென்னி பினியன் தன் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியில் இதைத் தொடங்கினார். 1972இல் மெயின் ஈவென்டுக்கு 10,000 டாலர் என்று வைத்தார்கள். அன்றைக்கு உட்கார்ந்தவர்கள் எட்டுப் பேர். அதற்குப் பிறகு கட்டணத்தை யாரும் தொடவே இல்லை. 1972இன் பத்தாயிரம் இன்றைய மதிப்பில் 75,000 டாலருக்கு மேல். ஐம்பது வருடங்களாக விலை ஏறாத ஒரு பொருள் அமெரிக்காவில் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை. கூட்டம் பெருகியதற்கு டிவியையும் இணையத்தையும் காரணம் சொல்வார்கள். விலை ஏறாததும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். ஆனாலும் பத்தாயிரத்தை ஒருவர் தனியாகத் தூக்கிப் போடுவது அன்றும் கஷ்டம், இன்றும் கஷ்டம். அதனால்தான் பங்கு.

1997இல் ஸ்டூ உங்கர் ஆடியதை எடுத்துக்கொள்ளுங்கள். 1980, 1981 இரண்டு ஆண்டுகளும் தொடர்ந்து வென்றவர். அப்புறம் போதைப்பழக்கத்தில் எல்லாவற்றையும் தொலைத்தார். அந்த ஆண்டு கையில் காசில்லை. பில்லி பாக்ஸ்டர் என்ற பழைய சூதாடி கடைசி நேரத்தில் பத்தாயிரத்தைக் கட்டி உள்ளே அனுப்பினார். ஒப்பந்தம், வருவதில் பாதி. இறுதி மேசையை ஃப்ரீமான்ட் தெருவில் திறந்த வெளியில் போட்டிருந்தார்கள். உங்கர் வட்டமான நீலக்கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போதையால் சிதைந்த மூக்கை மறைக்கத்தான் அது என்பார்கள். பையில் மகளின் படம். 312 பேர் ஆடியதில் மூன்றாம் முறையாக வென்றார். பத்து லட்சம் டாலர். பாக்ஸ்டருக்கு ஐந்து லட்சம் போனது, முணுமுணுப்பு இல்லாமல். மறுவருடம் பாக்ஸ்டர் திரும்பவும் கட்டணம் கட்டினார். ஆட்டம் தொடங்க நிமிடங்கள் இருக்கும்போது, உடம்பு முடியவில்லை, ஆட மாட்டேன் என்றுவிட்டார் உங்கர். 1998 நவம்பரில் ஒரு மலிவான மோட்டல் அறையில் இறந்து கிடந்தார். வயது 45.

இது பங்குதாரருக்கு நல்லபடி முடிந்த கதை. முடியாத கதை 2006இல் நடந்தது. அந்த ஆண்டு 8,773 பேர் ஆடினார்கள், அதுவரை யாரும் பார்க்காத கூட்டம். ஜேமி கோல்டு என்பவர் வென்றார். பரிசு 1.2 கோடி டாலர். அவருக்கு நுழைவுக் கட்டணம் கட்டியது ஓர் இணைய நிறுவனம், பதிலுக்கு அந்த நிறுவனத்துக்காகச் சில பிரபலங்களைக் கூட்டி வர வேண்டும் என்று ஏற்பாடு. அதில் உதவிய ஒருவரிடம், "வருவதில் பாதி உனக்கு" என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். ஒன்றும் வராது என்றுதானே சொல்வோம்! அறுபது லட்சம் டாலரை நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. கோல்டு தொலைபேசியில் விட்டுச் சென்றிருந்த குரல் பதிவு ஒன்று அவருக்கே எதிரான சாட்சியானது. அடுத்த வருடம் சமரசம் செய்துகொண்டார்கள். அவர் சீட்டில் காட்டிய சாமர்த்தியத்தைவிட அந்த வழக்கைத்தான் இன்றைக்கும் பேசுகிறார்கள்.

எனவே ஒரு தாள் போதும், வக்கீல் வேண்டாம். ஆனால் சில கேள்விகளை இப்போதே முடித்துவிடுங்கள். ஆடப்போகிறவர் தானும் ஆயிரம் போடுகிறாரா? போட்டால் அவர் உழைப்புக்குத் தனியாக ஏதாவது உண்டா? தொழில்முறை ஆட்டக்காரர்கள் பங்கு விற்கும்போது அசல் விலைக்கு மேல் கொஞ்சம் ஏற்றித்தான் விற்பார்கள், அது அவர்களின் திறமைக்குக் கூலி. கராஜ் நண்பர் கேட்க மாட்டார், ஆனால் பத்து நாள் விடுப்பும் அவருடையதுதான். ஓட்டல், சாப்பாடு யார் கணக்கு? முதல் நாளே தோற்றுவிட்டு, அங்கே ஓரமாக நடக்கும் காசு ஆட்டத்தில் சொந்தப் பணத்தில் உட்கார்ந்து ஜெயித்தால் அதில் உங்களுக்குப் பங்கு இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் நட்புகள் உடைவதைப் பார்த்திருக்கிறேன். பரிசு வந்தால் வரிக்கணக்கு முழுக்க அவர் பெயரில் ஏறும். பங்கு பிரிந்தது என்று காட்ட 5754 என்று ஒரு படிவம் இருக்கிறது. பணம் வாங்கும் ஜன்னலிலேயே அதைக் கேட்கச் சொல்லுங்கள்.

கணக்கு பார்ப்போம். சென்ற ஆண்டு, 2025இல், 9,735 பேர் ஆடினார்கள். ஒவ்வொரு பத்தாயிரத்திலும் 9,300 டாலர் பரிசுத் தொகைக்குப் போனது, 700 நடத்துபவர்களுக்கும் ஊழியர்களுக்கும். மொத்தப் பரிசு ஒன்பது கோடி டாலருக்கு மேல். முதல் பரிசு ஒரு கோடி, ஒன்பதாம் இடத்துக்குப் பத்து லட்சம், கடைசியாகப் பரிசு பெற்றவர்களுக்கு 15,000. பரிசு பெற்றவர்கள் நூற்றுக்குப் பதினைந்து பேர். உங்கள் நண்பர் சுமாராக ஆடுபவர் என்று வைத்தால், நூறு முறை அனுப்பினால் எண்பத்தைந்து முறை ஒன்றுமில்லாமல் வருவார். மீதியிலும் பெரும்பாலும் ஆயிரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு, ஆயிரத்து எண்ணூறு என்று வரும். ஆளுக்கு ஐந்நூறு டாலர் லாபம், அதில் விருந்து வைத்தால் தீர்ந்துவிடும். ஆயிரம் டாலரைத் திருவிழாவுக்கு மொய் எழுதிய மாதிரி நினைக்க முடிந்தவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கடன் தவணையை ஒத்திவைத்துவிட்டு வருகிறவரைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஏன் போகச் சொல்கிறேன் என்றால், உங்களைப் போன்றவர் உட்கார வேண்டிய ஆட்டம் ஒன்று அந்த ஊரில் உண்டென்றால் அது இதுதான். காரணம் கடிகாரம். கராஜில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பிளைண்டை ஏற்றுவீர்கள், அதாவது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இருவர் கட்டாயமாகப் போட வேண்டிய தொகையை. இரண்டு மணி நேரத்தில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு கையில் இருக்கும் சிப்ஸை எல்லாம் தள்ள வேண்டிய நிலை வந்துவிடும். மெயின் ஈவென்டில் பிளைண்ட் ஏறுவதே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறைதான். கையில் தருவது 60,000 சிப்ஸ், தொடக்கத்தில் பெரிய பிளைண்ட் 200 தான். முன்னூறு மடங்கு! அவசரமே இல்லை. முதல் நாள் முழுக்க நல்ல சீட்டு வராமல் போட்டுக் கீழே வைத்துக்கொண்டே இருந்தாலும் வெளியேற வேண்டி வராது. ஒரே நிபந்தனை, தோற்றால் தோற்றதுதான். மற்ற பல ஆட்டங்களில் திரும்பக் கட்டணம் கட்டி நுழையலாம், இதில் முடியாது. பணக்காரருக்கும் ஒரே ஒரு உயிர்தான் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் உண்டு.

நண்பர் மூன்றாம் நாள் வரை தாக்குப்பிடித்தால் ஒரு காட்சியைப் பார்ப்பார். இன்னும் ஓரிருவர் தோற்றால் மீதி எல்லாருக்கும் பரிசு உறுதி என்ற நேரம். எல்லா மேசைகளிலும் ஒரே சமயத்தில் ஒரு ஆட்டம் போடுவார்கள். முடிந்த மேசையில் டீலர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். எங்காவது ஒருவர் தன் சிப்ஸ் எல்லாவற்றையும் தள்ளி, இன்னொருவர் ஏற்றுக்கொண்டால், மேசை நடுவில் எல்லாருக்கும் பொதுவாக வைக்கும் சீட்டைத் திறக்கக் கூடாது; மேற்பார்வையாளரும் கேமராவும் வந்து சேரும் வரை நிறுத்திவைப்பார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் எழுந்து அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். முகம் தெரியாத ஒருவர் தோற்க வேண்டும் என்று அத்தனை பேரும் மனசுக்குள் வேண்டுகிற நேரம் அது. சிப்ஸ் குறைவாக இருப்பவர்கள் இரண்டாவது சீட்டைப் பார்க்கவே இரண்டு நிமிடம் எடுப்பார்கள். அந்த நேரத்தில் நிறைய சிப்ஸ் வைத்திருப்பவர்தான் ராஜா. பயந்தவர்களை மிரட்டி மிரட்டிப் பிளைண்டை அள்ளுவார். உங்கள் நண்பர் பத்துப் பேர் முகத்தை நினைத்துக்கொண்டு பயந்தவர்கள் பட்டியலில்தான் இருப்பார். பரவாயில்லை, அவரைத் திட்டாதீர்கள்.

இந்த ஆண்டு என்ன பார்க்கலாம் என்று கேட்டீர்கள். மே கடைசியில் தொடங்கி ஜூலை பாதி வரை பாரிஸ், ஹார்ஸ்ஷூ என்ற பக்கத்துப் பக்கத்து விடுதிகளில் நடக்கிறது. நான் முதலில் பார்க்கப்போவது மைக்கேல் மிஸ்ராக்கியை. சென்ற ஆண்டு ஒரே கோடையில் 50,000 டாலர் போக்கர் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பையும் மெயின் ஈவென்டையும் வென்றவர். அந்த ஐம்பதாயிரத்தில் ஒன்பது வகை போக்கர் மாறி மாறி ஆட வேண்டும். அதை அவர் வென்றது நான்காவது முறை. போக்கர் திறமையா, அதிர்ஷ்டமா என்று கேட்பவர்களுக்கு நான் இந்த நான்கைத்தான் காட்டுவேன். அதே ஆள் மெயின் ஈவென்டில் மூன்று பெரிய பிளைண்டுக்கும் குறைவான சிப்ஸுக்கு விழுந்து எழுந்தார், அதை அதிர்ஷ்டக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

பெங்களூருக்காரர் சந்தோஷ் சுவர்ணாவையும் பாருங்கள். 2024இல் இரண்டரை லட்சம் டாலர் கட்டணமுள்ள ஆட்டத்தை வென்று 54 லட்சம் டாலர் வாங்கினார். இந்திய ஆட்டக்காரர் என்றால் சின்ன ஆட்டங்களோடு நின்றுவிடுவார் என்ற எண்ணத்தை அது ஓரளவு உடைத்தது.

இன்னொன்று லேப்டாப். 2024 இறுதி மேசையில் ஜொனாதன் டமாயோ ஆடிக்கொண்டிருக்க, பார்வையாளர் பக்கம் அவர் நண்பர்கள், அதில் ஒருவர் முன்னாள் சாம்பியன், லேப்டாப் வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் ஜெயித்தார். பெரிய சண்டை. அடுத்த ஆண்டு மின்னணுக் கருவிகள் பற்றிய விதியை இறுக்கினார்கள். உங்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து யாரும் அவருக்கு ஆட்டத்தின் நடுவில் யோசனை அனுப்ப வேண்டாம். ஒரு ஆட்டத்துக்கு ஒருவர் மூளை என்பது விதி.

கடைசியாக, இந்த ஆண்டு முதல் அமலுக்கு வந்த வரி. அமெரிக்காவில் சூதாட்ட வருமானத்திலிருந்து தோற்ற தொகையை முழுக்கக் கழிக்கலாம் என்று இருந்தது. 2026 முதல் தொண்ணூறு சதவீதம்தான். ஒருவர் வருடத்தில் ஒரு லட்சம் ஜெயித்து ஒரு லட்சம் தோற்றால், கையில் காலணா இல்லை, ஆனால் பத்தாயிரத்துக்கு வரி கட்ட வேண்டும். தொழில்முறை ஆட்டக்காரர்களில் பலர் ஆண்டு முழுக்கச் சிறிய லாபத்தில் ஓட்டுபவர்கள், அவர்களுக்குத்தான் இது கழுத்தில் கத்தி. எந்தப் பழைய முகங்கள் குறைவாக உட்காருகிறார்கள் என்று பாருங்கள். போக்கர் ஆடிப் பிழைப்பதும் ஒரு தொழில்தான், அதன் வருமானம் உழைத்த வருமானம்தான் என்று 1986இல் நெவாடா நீதிமன்றத்தில் அரசை எதிர்த்துத் தீர்ப்பு வாங்கியவர் யார் தெரியுமா? அதே பில்லி பாக்ஸ்டர்தான்.

அப்பாவுக்கு ஒரு வார்த்தை. ஊரில் அவர் பார்ப்பது வேறு. செல்போனில் ராத்திரி முழுக்க ரம்மி ஆடிக் கடனில் விழுந்தவர்களை, தற்கொலைச் செய்திகளை. அதை வைத்துத்தான் தமிழ்நாடு 2022இல் சட்டம் போட்டது, அதற்குப் பின் 2025இல் மத்திய அரசு பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களையே தடை செய்தது. பூட்டிய அறையில் தனியாக, முடிவே இல்லாமல் ஆடுவதும், ஒரே ஒரு முறை கட்டணம் கட்டிப் பகலில் பத்தாயிரம் பேர் நடுவில் ஆடுவதும் ஒன்றில்லை. ஆனால் இந்த வித்தியாசத்தை அவருக்கு விளக்கி வாதாட வேண்டாம். ஆளுக்கு ஆயிரம்தான், தாளில் எழுதியாச்சு, அடுத்த வருடம் கிடையாது என்று மட்டும் சொல்லுங்கள். அந்த அடுத்த வருடத்தையும் தாளில் சேர்த்துவிடுங்கள்.

ஒரு சில்லறை விஷயம். முதல் நாள் என்பது ஏ, பி, சி, டி என்று நான்கு தேதிகளில் நடக்கும், எதில் வேண்டுமானாலும் உட்காரலாம். ஏ-யில் பதிந்தால் தப்பித்தாலும் இரண்டாம் நாளுக்காகச் சும்மா காத்திருந்து ஓட்டல் வாடகை கட்ட வேண்டும். சி அல்லது டி-யில் பதியச் சொல்லுங்கள். டி-யில் வரிசை நீளமாக இருக்கும், பணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டால் நல்லது.