பிஎச்டி ஒர்க் பிளான் போடும்போது மொதல்ல மேட்டூரைப் பாருங்க

கேள்வி: வாய்க்கால் தண்ணிப் பங்கீடு பத்தி பிஎச்டி சேந்திருக்கேன், ஃபீல்டு திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டம். டிசி (டாக்டரல் கமிட்டி) மீட்டிங்குக்கு மூணு வருஷ ஒர்க் பிளான் காட்டணும், ரிஸ்க்னு ஒரு பக்கமும் கேக்குறாங்க. எப்படி எழுதறது, எந்த சாஃப்ட்வேர் நல்லது?

பதில்:

டிசில எல்லாரும் காட்டுற அந்தக் கலர் கட்டம் போட்ட சார்ட் இருக்குல்ல, மொத ஆறு மாசம் லிட்ரேச்சர், அடுத்த ஆறு மாசம் கொஸ்டினர், அப்புறம் ஒரு வருஷம் டேட்டா கலெக்‌ஷன், மிச்சம் எழுதறதுன்னு, அது சீனியர் ஃபைல்லேர்ந்து வந்தது, அந்த சீனியருக்கு அவரோட சீனியர்கிட்டேர்ந்து வந்தது. கெமிஸ்ட்ரி லேபுக்கும் அதே சார்ட்தான், உங்க வயலுக்கும் அதேதான். லேப்ல ஒரு வேலை ஒரு வாரம் தள்ளிப்போனா ஒரு வாரம் லேட்டு, அவ்வளவுதான். உங்களுக்கு தண்ணி வர்றதுக்கு முன்னாடி எடுக்க வேண்டிய அளவு ஒரு வாரம் தவறுச்சுன்னா அது அடுத்த வருஷம்தான். அதனால எந்த வேலை நாள் கணக்குல தள்ளிப்போகும், எந்த வேலை போகம் கணக்குல தள்ளிப்போகும்னு மொதல்ல பிரிச்சுக்கோங்க. டெல்டால ஃபீல்டு வச்சிருக்கவங்களுக்கு பிளானிங்ல முக்கால்வாசி இது ஒண்ணுதான், என் கணக்குல.

மேட்டூர் ஜூன் 12ல திறக்கணும்னு இங்க ஸ்கூல் படிக்கிற புள்ளைக்கும் தெரியும். ஆனா திறக்கணும்ங்கறது வேற, திறந்தது வேற. 2022ல மே 24லயே திறந்தாங்க, 2023ல ஜூன் 12, 2024ல அணைல தண்ணி இல்லாம ஜூலை 28 வரைக்கும் போச்சு, 2025ல திரும்ப ஜூன் 12. நாலே வருஷத்துல முன்னப்பின்ன ரெண்டு மாசம் வித்தியாசம். 2024 குறுவைல வாய்க்கால் பங்கீட்டை அளக்கறேன்னு யாராவது சார்ட்ல "ஜூன் முதல் செப்டம்பர்"னு எழுதியிருந்தா ஜூன் பூரா காஞ்ச வாய்க்காலைத்தான் அளந்திருக்கணும், போர் செட்டு வச்சிருந்தவங்க நட்டாங்க, மத்தவங்க சம்பா பாத்துக்கலாம்னு இருந்தாங்க. அதனால சார்ட்ல மாசப் பேரே போடாதீங்க. எக்செல்ல ஒரு கட்டத்துல "கல்லணை திறந்த நாள்"னு வச்சுக்கிட்டு மத்த எல்லா வேலையையும் அதுலேர்ந்து முன்னாடி இத்தனை நாள், பின்னாடி இத்தனை நாள்னு ஃபார்முலா போடுங்க. மேட்டூர்ல விட்ட தண்ணி கல்லணைக்கு மூணு நாலு நாள்ல வந்துரும், அங்கேர்ந்து வெண்ணாறு, வெட்டாறுன்னு பிரிஞ்சு கடைமடைக்கு எப்ப போய்ச் சேருது, முறை வச்சு விட்டா என்னாகுதுங்கறதுதான் உங்க தீசிஸே, அதுக்கு முன்கூட்டியே தேதி எழுத முடியாது.

இப்ப பின்னாலேர்ந்து எண்ணிட்டு வாங்க. தண்ணி வர்ற அன்னைக்கு மதகுகிட்ட லெவல் அளக்குற கருவி உக்காந்திருக்கணும், எந்தெந்த வயல்னு முடிவாகி, அந்த விவசாயிங்ககிட்ட பேசி சம்மதம் வாங்கியிருக்கணும், அதுக்கு முன்னாடி எத்திக்ஸ் கமிட்டி லெட்டர் கைல இருக்கணும், கொஸ்டினரை வேற ஏதாவது ஊர்ல நாலு பேர்கிட்ட ஓட்டிப் பாத்திருக்கணும். மே மாசமே திறந்த வருஷம் இருக்கறதால இதெல்லாம் ஏப்ரல் கடைசிக்குள்ள முடியணும். சரி, கருவி எப்ப வாங்கறது? மூணு கொட்டேஷன், ஜெம் போர்ட்டல் (அரசு கொள்முதல் சைட்), பர்ச்சேஸ் கமிட்டி, கமிட்டில ஒருத்தர் லீவு, மறுபடி டேட்டு, இதெல்லாம் தாண்டி மார்ச் 31க்குள்ள பில் செட்டில் ஆகலைன்னா யூசி (பணத்தை எப்படிச் செலவு பண்ணோம்னு குடுக்குற சான்று) எழுதும்போது அந்தப் பணம் தொங்கிக்கிட்டு நிக்கும், புது நிதியாண்டு பணம் எந்த மாசம் ரிலீஸ் ஆகும்னு ஃபைனான்ஸ் செக்‌ஷன்லயே சொல்ல மாட்டாங்க. அதனால இண்டெண்ட், அதாவது கருவி வாங்கித் தாங்கன்னு குடுக்குற கோரிக்கை, நவம்பர், டிசம்பர்லயே போயாகணும். அதாவது ஜூன் மாச ஃபீல்டு வொர்க் ஆரம்பிக்கிறது முந்தின நவம்பர்ல, ஆபீஸ்ல. 1957 வாக்குல டூபாண்ட் கம்பெனில உருவாக்குன கிரிட்டிக்கல் பாத் முறைன்னு ஒண்ணு இருக்கு, பேரு பெருசா இருந்தாலும் விஷயம் இதுதான், எது லேட்டானா மொத்தமும் லேட்டாகுமோ அந்தச் சங்கிலிய மட்டும் சிவப்புல வரைஞ்சு வைக்கறது. உங்க சிவப்புக் கோடு இண்டெண்ட், எத்திக்ஸ், வயல் தேர்வு, தண்ணி. லிட்ரேச்சர் ரிவ்யூ அதுல கிடையாது, அதை மழைக்காலத்துல வீட்ல உக்காந்து படிக்கலாம். ஆனா சார்ட்ல மொத ஆறு மாசம் முழுக்க அதுக்குத்தான் குடுத்திருப்பாங்க, எனக்கு இது எப்பவுமே புரியாத ஒண்ணு.

பேட்டி எடுக்கறதுக்கும் காலம் இருக்கு. ஜனவரி, பிப்ரவரில சம்பா அறுவடை, அந்த நேரத்துல கொள்முதல் நிலையத்து வாசல்ல நெல்லைக் கொட்டி வச்சுக்கிட்டு ஈரப்பதம் 17க்கு மேல காட்டுதேன்னு நிக்கிறவர்கிட்ட போய் "ஐயா, ஒரு முப்பது கேள்வி"ன்னு ஆரம்பிச்சா அவர் என்ன சொல்வார்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. அறுவடை முடிஞ்சு மார்ச், ஏப்ரல் சாயங்காலம் டீக்கடைப் பக்கம் போனா ரெண்டு மணி நேரம் கூட பேசுவாங்க, அவங்களே வாய்க்கால் வரைக்கும் கூட்டிட்டுப் போவாங்க. அதே மாதிரி அடங்கல் (எந்த வயல்ல என்ன பயிர்னு எழுதுற கிராமக் கணக்கு) பாக்கணும்னா ஜமாபந்தி (வருஷாந்திரக் கணக்குத் தணிக்கை) சமயத்துல போகாதீங்க, பசலி ஆண்டு ஜூன் 30ல முடியுது, அதையொட்டி கிராமக் கணக்கெல்லாம் தாலுக்கா ஆபீஸ்ல இருக்கும். எலெக்‌ஷன் வருஷம்னா கலெக்டர் ஆபீஸ்ல பர்மிஷன் லெட்டரை அறிவிப்புக்கு முன்னாடியே வாங்கிடுங்க.

ரிஸ்க் பக்கத்துக்கு வரேன். "இயற்கை சீற்றம், வாய்ப்பு: நடுத்தரம், தீர்வு: தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்"னு எழுதாதீங்க, அதைப் படிச்சு யாருக்கும் எதுவும் தெரியாது. கஜா 2018 நவம்பர் 16ல வேதாரண்யம் பக்கம் கரையேறுச்சு, 2020ல நிவர் முடிஞ்ச கையோட டிசம்பர்ல புரெவி மழை, 2023 பிப்ரவரில அறுவடைக்கு நின்ன சம்பா எதிர்பாராத மழைல சாஞ்சுது. அஞ்சு வருஷத்துக்குள்ள இத்தனை நடக்குற ஊர்ல புயல், மழைங்கறது அபூர்வமான ரிஸ்க்கே இல்ல, அதையும் வேலைல ஒண்ணா வச்சுக்கிட்டுத்தான் பிளான் போடணும். ஒவ்வொரு ரிஸ்க்குக்கும் ஒரு அடையாளம், ஒரு கெடு, அப்ப என்ன செய்வீங்கன்னு ஒரு முடிவு எழுதுங்க. உதாரணத்துக்கு, ஜூலை 10 வரைக்கும் மேட்டூர் திறக்கலைன்னா இந்த வருஷம் குறுவைல வாய்க்கால் அளவைய விட்டுடறேன், அதுக்குப் பதிலா போர் தண்ணிய யார் யாருக்கு வித்தாங்க, வாங்கினவங்க என்ன குடுத்தாங்கன்னு பேட்டி எடுக்கறேன், வாய்க்கால் அளவைய சம்பாவுக்கு மாத்தறேன். இப்படி எழுதிட்டீங்கன்னா தண்ணி வராத வருஷமும் ஒரு சாப்டர் ஆயிடும், இன்னும் சொல்லப்போனா அதுதான் நல்ல சாப்டரா கூட வரும். கருவிய நவம்பருக்கு முன்னாடி கழட்டிடணுமா, உயரமா மாத்தணுமாங்கறதையும் இப்பவே எழுதி வைங்க, தண்ணி ஏறுன ராத்திரில யோசிக்க முடியாது. ஊரும் ஒண்ணே ஒண்ணு எடுக்காதீங்க, தலைஞாயிறு பக்கம் கடைமடை ஒண்ணு, மேல தலைமடைல ஒண்ணு, அதுலயும் தேவைக்கு மேல சில வயல் கூடவே எடுங்க, மூழ்குறது போக, நடுவுல மனசு மாறி விலகுறவங்களும் இருப்பாங்க.

பெர்ட்னு ஒரு கணக்கு சொல்லித் தருவாங்க, நல்லபடியா போனா எத்தனை நாள், மோசமா போனா எத்தனை நாள், சாதாரணமா எத்தனை நாள்னு எடுத்து சராசரி பாக்கறது. கொஸ்டினர் டைப் பண்றதுக்கு அது சரி. போகத்துக்கு அது உதவாது, ஏன்னா ஜூன் 12க்கும் ஜூலை 28க்கும் நடுவுல ஒரு தேதி எடுத்தா அன்னைக்குப் பாதி குறுவை கிடைக்கப்போறதில்ல, போகம் கிடைச்சா கிடைச்சது, இல்லன்னா இல்ல. அதுக்கு சராசரி பாக்கறதுக்குப் பதிலா பிளான்லயே ரெண்டு குறுவை கேட்டு வாங்கறதுதான் வழி.

எழுதற காலத்தைப் பத்தியும் கொஞ்சம். 1994ல பியூலர், கிரிஃபின், ராஸ்னு மூணு சைக்காலஜி ஆராய்ச்சியாளருங்க ஆனர்ஸ் தீசிஸ் எழுதுற ஸ்டூடன்ட்ஸ்கிட்ட எப்ப முடிப்பீங்கன்னு கேட்டாங்க, சராசரியா 33.9 நாள்னாங்க, எல்லாமே மோசமா போனா எவ்வளவு ஆகும்னு கேட்டதுக்கு 48.6, நெசமா ஆனது 55.5 நாள். அதாவது மோசமான கணக்கையும் தாண்டிருச்சு. அதனால உங்க மனக்கணக்கை நம்பாதீங்க, உங்க டிபார்ட்மெண்ட்ல கடைசியா முடிச்ச சீனியருங்க சிலர்கிட்ட போய் மொத டிராஃப்ட்லேர்ந்து சினாப்சிஸ் (தீசிஸ் சுருக்கம்) குடுக்கற வரைக்கும், அங்கேர்ந்து வைவா (வாய்மொழித் தேர்வு) வரைக்கும் நெசமா எத்தனை மாசம் ஆச்சுன்னு கேட்டு அதையே போடுங்க. யூஜிசி 2022 விதிப்படி குறைஞ்சது மூணு வருஷம், அதிகபட்சம் ஆறு, ஆனா ஜேஆர்எஃப் ஃபெல்லோஷிப் ரெண்டு வருஷம், அப்புறம் எஸ்ஆர்எஃப் மூணு வருஷம்னு பணம் அஞ்சு வருஷத்துல நின்னுரும். உங்களுக்கு ஃபெல்லோஷிப் இருந்தா அதான் உண்மையான கெடு.

கைடு ரிட்டயர் ஆகுற வருஷத்தை நைசா தெரிஞ்சு வச்சுக்கோங்க, சர்வீஸ் மூணு வருஷத்துக்குக் கம்மியா இருந்தா புது ஸ்காலர் எடுக்கக் கூடாதுன்னு விதி இருக்கு, ஆனா நீங்க ஆறு வருஷம் இழுத்தா அந்தக் கணக்கு உதவாது. ஃபீல்டு நோட்டை அன்னன்னைக்கு ராத்திரியே போட்டோ எடுத்து டிரைவ்ல ஏத்திடுங்க, பென் டிரைவை நம்பாதீங்க.

சாஃப்ட்வேர் கேட்டிருந்தீங்க. காசு குடுத்து எதுவும் வாங்காதீங்க, எக்செல் போதும். ஒரு ஷீட்ல தேதிக் கணக்கு, இன்னொரு ஷீட்ல ரிஸ்க், மாசம் ஒரு தடவை கைடுகிட்ட காட்டும்போது பழசை அழிக்காம புதுத் தேதியப் பக்கத்துல சேத்துட்டே வாங்க, எக்ஸ்டென்ஷன் கேட்டு லெட்டர் எழுத வேண்டி வந்தா ஏன் தள்ளிப்போச்சுன்னு அந்த ஷீட்டையே இணைச்சுடலாம்.