பொறுத்தலும் பொறுப்பும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஏழு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சிறு வணிகர்களின் விற்பனைக் கணக்குகளைப் பராமரித்துத் தரும் சேவை எங்களுடையது. சென்ற மாதம் என் குழுவில் இருக்கும் ஓர் இளைஞர், சோதனைக்கான சர்வர் என்று நினைத்து, வாடிக்கையாளர்களின் கணக்குகள் இருந்த சர்வரில் தரவை அழித்துவிட்டார். பேக்கப்பும் (காப்புப்பிரதியும்) சரியாக இல்லை. இரண்டு நாள் கணக்குகள் திரும்பக் கிடைக்கவே இல்லை. செய்தி வெளியே பரவி, அவருடைய பெயரும் படமும் வாட்ஸ்அப் குழுக்களில் கேலியாகச் சுற்றின. இப்போது விடுப்பில் வீட்டில் இருக்கிறார்.

அவரை நீக்க வேண்டும் என்று அலுவலகத்தில் ஒரு சாரார் சொல்கிறார்கள். மேலாளரோ, "யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டாம், இது நம் எல்லாருடைய தவறு" என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார். எனக்கு அந்த இளைஞர்மீது இரக்கம் இருக்கிறது. ஆனால், கடனுக்குக் கொடுத்த சரக்கின் கணக்கு போய்விட்டது என்று தொலைபேசியில் அழுத ஒரு மளிகைக்கடைக்காரரின் குரலைக் கேட்டபின், அந்த இரக்கத்தை நினைத்து எனக்கே வெட்கமாக இருக்கிறது. என் தொழிலைச் சேர்ந்தவர் என்பதால்தான் இரக்கப்படுகிறேனா? பேக்கப் முடிந்ததாகத் தினமும் வரும் மின்னஞ்சல் மூன்று வாரங்களாக வரவில்லை என்பதை நானும் கவனித்திருந்தேன், வேறு யாராவது பார்ப்பார்கள் என்று விட்டுவிட்டேன். இரக்கமும் பொறுப்பும் ஒரே இடத்தில் இருக்க முடியுமா?

ச.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ச.,

உங்கள் அலுவலகத்தில் நடந்ததற்கு மிக நெருக்கமான ஒரு நிகழ்வை உங்கள் துறையினர் பலரும் அறிவார்கள். நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைத்துக் கூட்டாக வேலை செய்யும் கிட்லேப் தளத்தில், 2017 ஜனவரி 31 அன்று இரவு, முதன்மைத் தரவுத்தளத்துக்கும் அதன் துணைத் தரவுத்தளத்துக்கும் இடையே ஒத்திசைவு அறுந்துபோனது. துணைச் சர்வரில் இருந்த பழைய தரவைத் துடைத்துவிட்டு முதன்மையிலிருந்து மறுபடி நகலெடுக்க வேண்டும். பல மணி நேரம் போராடிக் களைத்திருந்த பொறியாளர் ஒருவர், துடைக்கும் கட்டளையைத் துணைச் சர்வரில் இடுவதாக எண்ணி முதன்மைச் சர்வரில் இட்டுவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தியும், அதற்குள் ஏறத்தாழ 300 ஜிபி தரவு அழிந்திருந்தது.

பேக்கப்பைத் தேடிப் போனபோதுதான் உண்மையான அதிர்ச்சி காத்திருந்தது. தினமும் எடுக்கப்பட்டுக்கொண்டிருப்பதாக எல்லாரும் நம்பிய காப்புப்பிரதி, 9.6 பதிப்பு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை 9.2 பதிப்புக் கருவியால் எடுக்க முயன்று ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்கள், அனுப்புபவரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் ஏற்பாட்டில் இருந்த குறையால், உரியவர்களைச் சேராமலேயே திருப்பப்பட்டுக்கொண்டிருந்தன. மைக்ரோசாஃப்டின் அஸூர் மேகக்கணினிச் சேவையில் வட்டுகளை நகலெடுக்கும் வசதி, தரவுத்தளச் சர்வர்களுக்கு இயக்கப்படவே இல்லை. கடைசியில் கைகொடுத்தது, அதே பொறியாளர் வேறொரு சோதனைக்காக ஏறத்தாழ ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு நகல். தளம் மீண்டு வர 18 மணி நேரம் ஆனது. நிரல்கள் தப்பின, ஆனால் அந்த இடைவெளியில் உருவான ஏறத்தாழ 5000 திட்டங்களின் விவரங்களும், 5000 கருத்துகளும், 700 புதிய பயனர் கணக்குகளும் போய்விட்டன.

கிட்லேப் நிறுவனம் இதை மறைக்கவில்லை. மீட்பு வேலை நடந்துகொண்டிருக்கும்போதே குறிப்புகளைப் பொதுவில் வைத்தது, யூடியூபில் நேரலையாகவும் காட்டியது. ஒரு கட்டத்தில் சுமார் 5000 பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உலகெங்கும் இருந்த சக தொழிலாளர்கள் 'ஹக்ஆப்ஸ்' என்ற அடையாளச் சொல்லுடன் ஆறுதல் அனுப்பினார்கள். பின்னர் வெளிவந்த விரிவான அறிக்கையில் அந்தப் பொறியாளருக்குப் பெயர் கிடையாது, குழு உறுப்பினர் 1 என்றுதான் குறிக்கப்பட்டார். அவர் வேலையிலிருந்து நீக்கப்படவும் இல்லை. பலரும் இந்த நிகழ்வை இரக்கத்தின் கதையாக மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த அறிக்கையில் என்னை உலுக்கிய இடம் வேறு. பேக்கப் ஏன் வேலை செய்யவில்லை, ஏன் யாருக்கும் தெரியவில்லை என்று ஏன் ஏன் என அடுக்கிக் கேட்டுக்கொண்டே போய், அந்த நடைமுறையை ஏன் அவ்வப்போது சோதித்துப் பார்க்கவில்லை என்ற கேள்விக்கு வருகிறார்கள். அந்த வேலை யாருடையது என்று வகுக்கப்படாததால், அதற்கு யாருமே பொறுப்பாக இல்லை என்று பதில் எழுதியிருக்கிறார்கள். ஒரு நிறுவனம் தன்னைப் பற்றி எழுதிக்கொண்ட வாக்கியங்களில் இதைவிடக் கடுமையான ஒன்றை நான் அதிகம் கண்டதில்லை. அந்தப் பொறியாளரை அன்றிரவே வெளியே அனுப்பியிருந்தால் இந்த வாக்கியத்தை எழுதவேண்டிய தேவை அவர்களுக்கு வந்திருக்காது. குற்றவாளி கிடைத்துவிட்டார் என்று கோப்பு மூடப்பட்டிருக்கும்.

உங்கள் மேலாளர் சொன்னது கேட்பதற்கு இதைப் போலவே இருக்கிறது, ஆனால் இதற்கு நேர்மாறானது. எல்லாருடைய தவறு என்று சொல்லிக் கூட்டத்தை முடித்ததன்மூலம், எந்தத் தவறு யாருடையது என்று கேட்கும் வாய்ப்பை அவர் மூடிவிட்டார். அந்த இளைஞரைக் காப்பாற்றுவதுபோல் தோன்றினாலும், பேக்கப்பைச் சோதிக்க ஆள் போடாதவர்களையும், இரண்டு சர்வர்களும் திரையில் ஒன்றுபோலத் தெரியும்படி விட்டுவைத்தவர்களையுமே அந்தச் சொல் காப்பாற்றுகிறது. இளைஞரின் பெயரோ ஏற்கெனவே தெருவில் கிடக்கிறது.

தமிழில் பொறுத்தல் என்றால் சுமத்தல். பிறருடைய பிழையை மன்னிப்பதையும் பொறுத்தல் என்றே சொல்கிறோம், கடமையை ஏற்றுக்கொள்வதைப் பொறுப்பு என்கிறோம். இவற்றை எதிரெதிராக நிறுத்தும் எண்ணம் நம் மொழிக்குள் இருந்து வந்ததல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. நம் பழைய சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்கள் உண்டு. தலைச்சுமையோடு வருபவர் வேறொருவர் உதவியில்லாமல் சுமையை இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொள்ள ஏற்ற உயரத்தில் அவற்றை நட்டார்கள். சிறிது நேரம் கழித்து அதே சுமையை அவரே தலைக்கு ஏற்றிக்கொண்டு நடப்பார். தவறு செய்த ஒருவருக்கு நாம் காட்டக்கூடிய இரக்கம் அந்தக் கல்லின் வேலையைச் செய்ய வேண்டும். "உன்மேல் தப்பே இல்லை" என்று அவரிடம் சொல்வது, அவருக்குத் தெரிந்த உண்மையை மறுப்பது. கட்டளையை இட்டது தன் கைதான் என்று அவருக்குத் தெரியும். அதை மறுப்பவரிடம் அவரால் மனம்விட்டுப் பேச முடியாது, நடந்ததைச் சரிசெய்வதில் தனக்குரிய பங்கையும் கேட்டு வாங்க முடியாது.

என் தொழில்காரர் என்பதால் இரக்கப்படுகிறேனா என்று கேட்டிருக்கிறீர்கள். பெருமளவுக்கு ஆம் என்றே நினைக்கிறேன், அதில் வெட்கப்பட வேண்டியது இல்லை. அந்த நிலைமையில் தன்னை வைத்துப் பார்க்க முடிந்தவருக்குத்தான் இரக்கம் முதலில் வரும். ஆனால், அது அங்கேயே நின்றுவிட்டால் குழு விசுவாசமாகிவிடும். விபத்து நடந்த மறுநாளே பேருந்து ஓட்டுநரும், ஊசி மாற்றிப் போட்ட செவிலியரும் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்ட செய்தியைப் படிக்கையில், அவர் தொடர்ந்து எத்தனை மணி நேரம் வேலையில் இருந்தார், அந்த வார்டில் எத்தனை பேருக்கு ஒரு செவிலியர் என்று உங்கள் அலுவலகத்தில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? நானும் கேட்காமல் பக்கத்தைப் புரட்டியவன்தான்.

உயிர்கள் போன ஒரு நிகழ்வைச் சொல்கிறேன், ஏனென்றால் நம் சொற்களை அங்கே வைத்துத்தான் உரசிப் பார்க்க முடியும். 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் தென் எல்லையில் உள்ள யூபர்லிங்கன் நகருக்கு மேலே ஒரு ரஷ்யப் பயணிகள் விமானமும் ஒரு சரக்கு விமானமும் மோதி, 71 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் விடுமுறைக்குச் சென்றுகொண்டிருந்த பிள்ளைகள். அந்த வான்பகுதியைச் சூரிச்சிலிருந்து கவனித்த ஸ்கைகைடு என்ற சுவிஸ் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் அப்போது ஒரே ஒருவர் இரண்டு திரைகளின் முன் வேலை செய்துகொண்டிருந்தார். உடனிருக்க வேண்டியவர் ஓய்வுக்குச் சென்றிருந்தார், நிர்வாகம் அறிந்தே விட்டிருந்த வழக்கம் அது. பராமரிப்பு வேலைக்காக முக்கியத் தொலைபேசி இணைப்பு நிறுத்தப்பட்டிருந்தது, மோதல் அபாயத்தைத் திரையில் காட்டும் எச்சரிக்கையும் இயங்கவில்லை. ரஷ்ய விமானத்தைக் கீழே இறங்கச் சொன்னார் அவர். அந்த விமானத்துக்குள் இருந்த மோதல் தவிர்ப்புக் கருவி மேலே ஏறச் சொன்னது, மற்ற விமானத்தின் கருவி அதை இறங்கச் சொன்னது. இரண்டும் இறங்கின.

2004 பிப்ரவரி 24 அன்று, அந்த விபத்தில் மனைவியையும் மகனையும் மகளையும் இழந்த ஒருவர் அந்தக் கட்டுப்பாட்டாளரின் வீட்டு வாசலுக்கே வந்து அவரைக் குத்திக் கொன்றார். இறந்த தம் பிள்ளைகளின் படங்களைக் காட்டி மன்னிப்புக் கேட்கவைக்கவே போனதாக அவர் பின்னர் சொன்னார். கொலைக்கு அது நியாயம் ஆகாது. ஆனால், விபத்துக்குப்பின் அந்தக் கொலை நடக்கும்வரை ஏறத்தாழ இருபது மாதங்கள், பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் எதிர்பார்த்த மன்னிப்பு அந்த நிறுவனத்திடமிருந்து வரவில்லை. விசாரணை அறிக்கை வெளிவந்த 2004 மே மாதத்தில்தான் நிறுவனம் பொறுப்பை ஏற்று மன்னிப்புக் கேட்டது. 2007-இல் சுவிஸ் நீதிமன்றம் அந்த நிறுவனத்தைச் சேர்ந்த நால்வரைக் குற்றவாளிகள் என்று தீர்த்தது, அவர்களில் மூவர் மேலாளர்கள். அவர்கள் சுமக்க வேண்டிய சுமை அத்தனையும் அதுவரை ஒரு மனிதரின் வாசலில் கிடந்தது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

மளிகைக்கடைக்காரரின் அழுகையைக் கேட்டபின் உங்கள் இரக்கம் கூசியது சரியான கூச்சம். அவரிடம் யாராவது போனார்களா? முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு நாளிதழில் துணையாசிரியராக இருந்தபோது, மோசடி வழக்கில் கைதான ஒருவரின் செய்தியோடு, அதே பெயருடைய வேறொருவரின் படத்தை நான் அச்சுக்கு அனுப்பிவிட்டேன். படத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருந்தால் போதும், விவரம் அங்கே எழுதியிருந்தது. காலையில் ஊர் முழுக்கப் பேசியது. ஆசிரியர் என்னை எதிரில் உட்காரவைத்து, "ராத்திரி எத்தனை மணிக்கு என்னென்ன செய்தாய், ஒன்றுவிடாமல் சொல்" என்றார். கோபப்படவும் இல்லை, தேற்றவும் இல்லை. படத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை என்பதை அவரிடம் என்னால் சொல்ல முடிந்தது. அந்த மேசையில் இரவில் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்று நான் சொல்லாமலே தன் தாளில் எழுதிக்கொண்டார், நான்கு மாதங்களாக ஓர் இடம் காலியாக இருந்தது. பிறகு என்னை அழைத்துக்கொண்டு அந்த மனிதரின் வீட்டுக்குப் போனார். சிறிய ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். நாங்கள் சொன்ன மன்னிப்பை முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "திருத்தம் எந்தப் பக்கத்துல போடுவீங்க?"

அந்தக் காலத்தில் திருத்தங்கள் உள்பக்கத்து மூலையில் இரண்டு வரியில் வரும். மறுநாள் இதழில் தவறு வந்த அதே பக்கத்தில், அதே இடத்தில், அவர் படம் அதே அளவில் திருத்தத்தோடு வந்தது. அவர் எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை, சொல்லவேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

ஆகவே, அந்த இளைஞரின் வீட்டுக்குப் போங்கள். கவலைப்படாதே என்பதைவிட, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள், முழுவதும் சொல்லவிடுங்கள். கடைக்காரர்களின் இரண்டு நாள் கணக்கை ரசீதுகளிலிருந்தும் வங்கிச் செய்திகளிலிருந்தும் திரும்பக் கட்டியெழுப்பும் வேலையை நிறுவனம் தன் செலவில் செய்ய வேண்டும் என்று கேளுங்கள், விருப்பமிருந்தால் அந்த வேலையில் அவரும் இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தின் முடிவில், மற்ற வாக்கியங்களுக்கு நடுவே வைத்து நீங்கள் கடந்து சென்ற ஒன்று இருக்கிறது. மூன்று வாரங்களாக அந்த மின்னஞ்சல் வரவில்லை என்பதைக் கவனித்திருந்தீர்கள். உங்களுக்குள் இருக்கும் வெட்கத்தில் ஒரு பகுதி அங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது, தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களைக் கடிந்துகொள்ள இதைச் சொல்லவில்லை. அந்த அறையில் இருந்த இன்னும் சிலரும் கவனித்திருப்பார்கள். அந்த இளைஞரை நீக்குவதா வேண்டாமா என்று அடுத்த கூட்டத்தில் பேச்சு வருவதற்கு முன்பே, அந்த வாக்கியத்தை எனக்கு எழுதிய அதே சொற்களில் எழுந்து நின்று சொல்லுங்கள். பிறகு, அந்த மின்னஞ்சலைத் தினமும் பார்க்க வேண்டியவர் என்று எங்காவது ஒரு பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், இப்போதைக்கு உங்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்.