சிப்பிப்பாறை நாய்க்குட்டி இரவெல்லாம் அழுகிறது, கையைக் கடிக்கிறது. இது அந்த இனத்தின் குணமா?

கிருஷ்ணகிரியில் வாடகை வீடு, குட்டிக்கு 50 நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தேன்கனிக்கோட்டைப் பக்கம். இப்போது வீட்டில் இருப்பது எங்களுடைய இரண்டாவது சிப்பிப்பாறை.

அழுகைக்கும் கடிக்கும் இனத்தைக் குறை சொல்லாதீர்கள். லாப்ரடார் குட்டியும் அழும், தெருவில் பிறந்ததும் அழும். போன வாரம் வரை கூடப்பிறந்தவைகளோடு தாயின் வயிற்றை முட்டிக்கொண்டு தூங்கிய உயிர் அது. எங்கள் முதல் குட்டியை, 'பழகட்டும்' என்று அப்பா மாட்டுக் கொட்டகையில் கட்டினார். மூன்று இரவு கத்தி ஓய்ந்தது. ஆனால் அதன் பிறகு சங்கிலியைக் கையில் எடுத்தாலே பயத்தில் மூத்திரம் விடும். கடைசி வரை அது போகவே இல்லை.

இரண்டாவது குட்டியை என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஓர் அட்டைப்பெட்டியில் படுக்க வைத்தேன். அடியில் சாக்கு, மேலே அம்மாவின் பழைய சேலை. முனகினால் கையைத் தொங்கவிடுவேன், மோந்து பார்த்துவிட்டுத் தூங்கிவிடும். நடுராத்திரி ஒருமுறை, விடியுமுன் ஒருமுறை வெளியே தூக்கிப் போக வேண்டும். இந்த வயதில் அதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. இன்னொன்று, சிப்பிப்பாறைக்கு முடியும் குறைவு, கொழுப்பும் குறைவு. எங்கள் பக்கத்து மார்கழிக் குளிரில் வெறும் சிமெண்டுத் தரை ஆகாது.

கடிப்பது பால் பல்லின் வேலை. நாலு மாதத்தில் விழ ஆரம்பித்து ஆறு, ஏழு மாதத்துக்குள் மாறிவிடும். கடித்தால் மூக்கில் அடிக்காதீர்கள், விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுங்கள். ஈரத்துண்டை முறுக்கி ஃபிரிட்ஜில் வைத்துக் கொடுத்தால் ஆசையாக மெல்லும்.

இனம் தன்னைக் காட்டுவது அப்புறம்தான். தெற்கே கரிசல் காட்டில் முயல் துரத்த வளர்த்த நாய் இது. மூக்கை விடக் கண்ணை நம்பும். ஏழு மாதத்தில் என் நாய் ஓடுகிற எதையும் முயலாகவே பார்த்தது. பக்கத்து வீட்டு அக்காவின் கோழியைப் பிடித்த அன்று நான் தொண்டை கிழியக் கூப்பிட்டும் திரும்பவில்லை. திமிர் என்று நினைத்து இரண்டு போட்டேன், தப்பு என்னுடையதுதான். துரத்த ஆரம்பித்துவிட்டால் அதன் காதில் எதுவும் ஏறாது. கோழிக்கு 600 ரூபாய் கொடுத்தேன். திறந்த வெளியில் கயிறில்லாமல் விடுவதை அன்றோடு நிறுத்தினேன். (முயல் வேட்டைக்குக் கூட்டிப் போகலாம் என்று யாராவது ஆசை காட்டினால் போகாதீர்கள். 1972 வன உயிரினச் சட்டப்படி அது குற்றம்.) ஓசூரில் நண்பன் வீட்டு லாப்ரடார் கோழியைக் கண்டுகொள்ளாது. வீட்டுச் செருப்பு மொத்தத்தையும் நோகாமல் கவ்விக் கொண்டுவந்து குவிக்கும். சுட்டு விழுந்த பறவையை எடுத்துவரப் பழக்கிய இனம், வேறென்ன செய்யும்?

ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள். பார்வோ என்கிற வைரஸ் வயிற்றுப்போக்கு வந்தால் குட்டி இரண்டு மூன்று நாளில் போய்விடும். முதல் ஊசி இன்னும் போடவில்லை என்றால் நாளைக்கே போடுங்கள். பிறகு 16 வாரம் ஆகும்வரை மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை. வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில். வயிறு மட்டும் உப்பிக்கொண்டு தெரிந்தால் பூச்சியாக இருக்கலாம், மாட்டாஸ்பத்திரியில் காட்டி மருந்து கொடுங்கள். ஊசி முடியும்வரை தெருவில் இறக்க வேண்டாம், ஆனால் வீட்டுக்குள் பூட்டியும் வைக்காதீர்கள். தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்ட், சந்தை, ஆட்டோ சத்தம் எல்லாம் காட்டுங்கள். சுமார் 14 வாரத்துக்குள் பார்த்துப் பழகியதற்கு அவ்வளவாகப் பயப்படாது. சிப்பிப்பாறை இயல்பிலேயே புது ஆளிடம் சட்டென்று ஒட்டாது, அதனால் இதற்கு இது இரட்டிப்பு அவசியம்.

சாப்பாட்டுக்கு நம் ஊரில் எல்லோரும் சொல்வது ராகிக் களியும் மோரும். களி போடலாம், ஆனால் வளர்கிற குட்டிக்கு அது மட்டும் போதாது. அவித்த முட்டையோ எலும்பில்லாத கோழிக்கறியோ சேருங்கள். வெங்காயம் போட்ட குழம்பு மட்டும் கூடாது.

வாடகை வீடு என்பதால் ஒன்று கேட்கிறேன்: ஏழாவது மாதத்தில் இது எங்கே ஓடும்? வேலி போட்ட இடமாக ஒன்றை இப்போதே பார்த்து வையுங்கள். என்னுடையதை மாமாவின் மாந்தோப்பில் காலை ஆறு மணிக்கு அவிழ்த்துவிடுவேன். இருபது நிமிடம் பேயாக ஓடும். அப்புறம் பகல் முழுக்கத் திண்ணையில் தூக்கம்தான்.