போக ஆறு மணி நேரம், வர பதினாலரையா?

கேள்வி: மே மாசம் பொண்ணப் பாக்க லண்டன் போறோம். டிக்கெட்ல பெங்களூர்ல மதியம் 1 மணிக்கு ஏறி ராத்திரி 7 மணிக்கு எறங்குறதா இருக்கு. திரும்பறப்போ மதியம் 2 மணிக்கு ஏறுனா மறுநாள் விடிகாலை 4.30 ஆகுதாம். வர்ற ஃப்ளைட் ஊரச் சுத்திக்கிட்டு வருதா?
– ஒரு வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: இல்லீங்கம்மா, டிக்கெட்ல அந்தந்த ஊரு நேரத்தத்தான் போடுவாங்க, மே மாசத்துல லண்டன் நமக்கு நாலரை மணி நேரம் பின்னாடி இருக்கும் (குளிர்காலம்னா அஞ்சரை), அதனால போறப்போ 6 கூட நாலரையக் கூட்டுங்க, பத்தரை மணி நேரம். வர்றப்போ பதினாலரைல கழிச்சா 10 தான். நேர்கோட்டுல ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் சுமார் 8,000 கிலோமீட்டர், நிஜத்துல ஃப்ளைட் போற வழி கொஞ்சம் வளைஞ்சு கூடத்தான் வரும்.

அந்த அரை மணி நேரம் எங்க மிச்சமாச்சுன்னா, காத்துங்க. முப்பது நாப்பதாயிரம் அடி ஒசரத்துல ஜெட் ஸ்ட்ரீம்னு ஒண்ணு மேற்கேருந்து கிழக்க வேகமா அடிக்குது, லண்டன் போறப்போ அது எதிர்க்காத்து, வர்றப்போ முதுகுல கை வெச்சுத் தள்ளி விடுற மாதிரி. குளிர்காலத்துல இன்னும் பலமா அடிக்கும்.

எனக்கு ஃப்ளைட்ட விட உங்க ஊர்ல இருந்து தேவனஹள்ளில இருக்குற பெங்களூர் ஏர்போர்ட்டுக்குப் போறதுதான் கவலை. ஓசூர் தாண்டி சில்க் போர்டு, ஹெப்பால்னு பெங்களூர முழுசா குறுக்க கடக்கணும், ஏர்போர்ட்டுல 3 மணி நேரம் முன்னாடி நிக்கணும்னா காலைல 5 மணிக்கே கிளம்பிடுங்க.