கிழிந்த ஸ்பீக்கரும் 'ராக்கெட் 88' கிதாரும்

தங்கள் கல்லூரி இசைக்குழு 1951இல் வெளியான 'ராக்கெட் 88' பாட்டின் ஒலியில் ஒரு பாடலைப் பதிவு செய்யவிருப்பதாகவும், கிதாரில் அந்தக் கரகரப்பைக் கொண்டுவர ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கரைக் கிழிக்கத்தான் வேண்டுமா என்றும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

வேண்டாம். ஸ்பீக்கர் பழுதானது உண்மைதான். ஆனால் அந்தப் பதிவின் பலம் பழுதில் மட்டும் இல்லை.

1951 மார்ச்சில் ஐக் டர்னரின் 'கிங்ஸ் ஆஃப் ரிதம்' குழு மிசிசிப்பியிலிருந்து மெம்ஃபிஸுக்குக் காரில் வந்தபோது, கிதார் கலைஞர் வில்லி கிஸார்ட்டின் ஆம்ப்ளிஃபயர் வழியில் சேதமடைந்தது. காரிலிருந்து விழுந்தது என்பாரும் உண்டு, மழையில் நனைந்தது என்பாரும் உண்டு. யூனியன் அவென்யூ 706ஆம் எண்ணில் பதிவுக்கூடம் நடத்திவந்த சாம் ஃபிலிப்ஸ், ஸ்பீக்கரின் கூம்பில் காகிதத்தைத் திணித்து அப்படியே வாசிக்கச் சொன்னார். கூம்பு அதிரும்போதெல்லாம் காகிதமும் சேர்ந்து அதிர, கிதாரின் ஒலி இன்னொரு சாக்சஃபோனைப் போலக் கரகரத்தது. அந்தக் கிதாரைப் பின்னுக்குத் தள்ளி மறைக்க எத்தனையோ வழிகள் இருந்தும் ஃபிலிப்ஸ் அதை முன்னால் கொண்டுவந்து வைத்தார். என் கணிப்பில் அந்த முடிவுதான் காகிதத்தைவிடப் பெரிது.

கிஸார்ட் என்ன வாசிக்கிறார் என்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள். பூகி எனும் துள்ளல் ப்ளூஸ் நடைப் பியானோவில் இடது கை வாசிக்கும் உருளும் கீழ்ச்சுர வரிசையை, ஒரு நேரத்தில் ஒரு சுரமாக, தடித்த தந்திகளில் வாசிக்கிறார். சிதைந்த ஒலியில் முழு கார்டுகளை, அதாவது பல சுரங்களை ஒருசேர, வாசித்தால் சுரங்கள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பிவிடும். தனிச் சுரங்கள் தெளிவு கெடாமல் கனம் மட்டும் கூடும். ஆகவே உங்கள் கிதார் கலைஞர் முதலில் இந்த வரிசையைப் பழகட்டும்.

ஒலிக்கு, சிறிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றை அதன் தாங்குதிறனின் எல்லைவரை ஏற்றினாலே பெரும்பாலும் போதும்; இல்லையென்றால் கிதார் ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடலைக் குறைந்த அளவில் வையுங்கள். காகித வித்தையைச் செய்துதான் பார்க்க வேண்டுமென்றால் தூக்கிப்போடவிருக்கும் ஸ்பீக்கரில் செய்யலாம். வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயராக இருந்தால் ஸ்பீக்கரை இணைக்காமல் இயக்காதீர்கள், அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் கெட்டுவிடும். உள்ளே உயர் மின்னழுத்தம் இருப்பதால் பெட்டியையும் திறக்க வேண்டாம்.

அடுத்தது, பதிவு முறை. தனித்தனித் தடங்களில் எடுத்துப் பின்னர் கோக்காமல், எல்லோரும் ஒரே அறையில் சேர்ந்து வாசித்து மோனோவில், அதாவது ஒரே தடத்தில், பதிவு செய்யுங்கள். பாடகர் மைக்குக்கு அருகிலும் டிரம்ஸ் தொலைவிலும் இருக்கட்டும். ஏதாவது ஒன்று மிகுந்து கேட்டால், மிக்ஸரைத் தொடும் முன் ஆளையோ ஆம்ப்ளிஃபயரையோ ஓரடி நகர்த்திப் பாருங்கள். ரேமண்ட் ஹில்லின் சாக்சஃபோன் தனி வாசிப்பு வரும்போது பாட்டு முழுவதும் சூடேறுவதற்கு, எல்லோரும் அதை அங்கேயே கேட்டு வாசித்ததும் ஒரு காரணம்.

(பாடியவர் ஜாக்கி பிரென்ஸ்டன் என்பதால், சிகாகோவின் செஸ் நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டில் 'ஜாக்கி பிரென்ஸ்டனும் அவரது டெல்டா கேட்ஸும்' என்றே அச்சானது. பில்போர்டு இதழின் ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) பட்டியலில் அது முதலிடம் பிடித்தபோது டர்னரின் குழுப் பெயர் எங்கும் இல்லை.)

எதிரொலி சேர்க்கும் ஆசை வரும். ஃபிலிப்ஸின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் அந்த நாடா எதிரொலி (ஒலிநாடா வழியே சற்றுத் தாமதித்துத் திரும்பக் கேட்கும் ஒலி), 1954 வாக்கில் எல்விஸ் பிரெஸ்லியின் பதிவுகள் வழியாகப் பிரபலமானது. இந்தப் பாட்டுக்கு அறையின் இயல்பான ஒலியே பொருந்தும்.