பேஸ் கிட்டாரின் ஜி தந்தியில் 7ஆம் ஃப்ரெட் மட்டும் கரகரத்தால்

எட்டாவது ஃப்ரெட்டைப் பாருங்கள். கிட்டாரின் நீண்ட கழுத்தான நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட். ஏழில் அழுத்தும்போது மட்டும் கரகரப்பு, பிரிட்ஜில் (உடல் பக்கம் தந்தியைத் தாங்கும் பகுதி) தந்தியை உயர்த்தியும் போகவில்லை என்றால், பெரும்பாலும் அடுத்த ஃப்ரெட் மேலே எழும்பியிருக்கும்.

கடையில் வாசித்த அதே மாடல் சுத்தமாக ஒலித்ததே என்று தோன்றலாம். நெக்கை வெட்டுவது கணினி இயந்திரம், அதில் பெரிய வித்தியாசம் வராது. ஃப்ரெட்டை அழுத்தி இறக்கி, மட்டமாகத் தேய்ப்பதில்தான் ஒன்றுக்கொன்று மாறும். விலை குறைந்த வரிசையில் அதற்குக் கிடைக்கும் நேரம் குறைவு. ஆலையை விட்ட பிறகு மரமும் உலர்ந்து சுருங்கும். அரைகுறையாக அமர்ந்த ஃப்ரெட் அப்போது கிளம்பிவிடும்.

முதலில் நெக்கின் வளைவு. ஜி தந்தியை 1ஆம் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடியுங்கள். எட்டாவதின் மேல் சுமார் 0.3 மி.மீ. இடைவெளி இருந்தால் போதும். இல்லையென்றால் ட்ரஸ் ராடை (நெக்கின் உள்ளே அதன் வளைவை மாற்றும் உலோகக் கம்பி) கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருப்பாமல் சரிசெய்யுங்கள்.

பிறகு தந்தியை ஒதுக்கி, ஏடிஎம் கார்டின் நீளமான விளிம்பை 7, 8, 9 மீது செங்குத்தாக நிறுத்துங்கள். 34 அங்குல ஸ்கேலில் (ஒலிக்கும் தந்தியின் நீளம்) அது சரியாக இந்த மூன்றின் மேல் மட்டும் உட்காரும். தராசுபோல் ஆடினால் நடு ஃப்ரெட் உயரம். விரலால் அழுத்தும்போது ஆட்டம் நின்றால், ஃப்ரெட் பள்ளத்தில் அமரவில்லை. மரத்துண்டு வைத்து மெல்லத் தட்டினாலே இறங்கலாம்.

அழுத்தியும் ஆடுகிறதா? தேய்த்துத்தான் ஆக வேண்டும். வாரண்டி இருக்கும்வரை அரத்தைத் தொடாதீர்கள், கடைக்கே கொண்டுபோங்கள்.